காரணம்: வாகன முதுமை

பிப்ரவரி 27, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, தேபெக் நகரத்துப் பெரிய பட்டறையின் மேலாளர் எங்கள் பக்கத்து வீட்டு ஒக்ரேயின் கையில் ஒரு தாளைத் திணித்தார். ‘பழுதின் காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள் இருந்தன. வாகன முதுமை.

நான் அணையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் நீர்மட்டம் எழுதியவன். மதகு கசிந்தால் எந்த மதகு, எந்த இடம், மணிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவோம். ‘அணைக்கு வயதாகிவிட்டது’ என்று எவராவது எழுதியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். இந்த மேலாளருக்கோ கோட்டும் டையும் இருக்கின்றன. ஆகவே எதை எழுதினாலும் காரணம் ஆகிவிடும் போலும்.

கார் 2007ஆம் ஆண்டு டீசல் வண்டி. டேஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு அவ்வப்போது எரிந்தது. எரியும்போது வண்டி மேடு ஏறாமல் முனகும். தேபெக் போகும் வழியிலுள்ள சுரங்கப்பாதையைத் தாண்டுவதற்குள் தானாக அணைந்துவிடும். அந்தப் பட்டறையில் ஜனவரி 9 அன்று சென்சார் எனப்படும் ஓர் உணர்வியை மாற்றினார்கள். ஜனவரி 30 அன்று இன்னொன்று. மூன்றாம் முறை, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார்கள்.

ஒக்ரேயின் கணவர் தல்ஹோ நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் தேபெக்கில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எங்கள் மலைக்கு நாளுக்கு இரண்டு பேருந்துகள்தான். முதலாவது வரும் நேரத்தில் அவர் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். மார்ச் 16க்குள் வண்டி அரசுப் பரிசோதனையில் தேற வேண்டும். விளக்கு எரிந்தால் தேறாது. தேறாவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவோம் என்று தலைநகர் சோலில் இருக்கும் மகன் சொல்லிவிட்டான். பெரிய பட்டறைக்குப் போகச் சொன்னவனும் அவனேதான்.

அதனால்தான் மார்ச் 10, ஞாயிறு மாலை, கணவாய் அடிவாரத்தில் இருக்கும் பியோ மான்சிக்கிடம் போனோம்.

மான்சிக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. ராணுவத்தில் லாரி பழுது பார்த்தான். பிறகு பதினொரு ஆண்டுகள் இதே பெரிய பட்டறையில் இருந்தான். கழற்றிய பாகத்தைச் சோதித்து, கெட்டது என்று தெரிந்த பிறகுதான் புதியதைப் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் வெளியே அனுப்பப்பட்டான். இப்போது ஒரே ஒரு வண்டி நிற்கக்கூடிய கொட்டகை. அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. சூடான வண்டியைத் தொடமாட்டான். அது ஓர் இரவு அவன் முற்றத்தில் நின்று குளிர வேண்டும்.

“தம்பி, அவ்வளவெல்லாம் வேணாம்,” என்றாள் ஒக்ரே. “வெளக்க மட்டும் அணைச்சுக் குடேன். அந்த மேலாளரே சொன்னாரு, மெஷின மாட்டி அழிச்சுட்டு அப்படியே பரிசோதனைக்கு ஓட்டிட்டுப் போயிரலாமாம்.”

“அணைச்சுத் தரேன் அக்கா. அப்புறம் சுரங்கப்பாதை நடுவுல இஞ்சின் நின்னுச்சுன்னா, அண்ணன முதுகுல தூக்கிட்டு நடப்பீங்களா?”

காருக்குள்ளிருந்து தல்ஹோ கத்தினார். “அவ தூக்க மாட்டா! என்னையும் சேத்துப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. எட போட்டாவது எடுத்துப்பான்!”

“உங்கள எவன் எடுப்பான்? பாதி கரித்தூசு,” என்றான் மான்சிக்.

தன் லாரியில் எங்களை வீட்டில் இறக்கிவிட்டான். திங்கள் காலை ஆறே முக்காலுக்கு ஒக்ரேயும் நானும் திரும்பிப் போனோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இரண்டு டிகிரி. கண்ணாடியெல்லாம் பனி. என் குறிப்பேட்டையும் கொண்டுபோயிருந்தேன். தல்ஹோவைப் படியிறக்க ஆள் வேண்டும் என்பதால் மூன்று நாளும் நான் கூடப் போகிறவன். விளக்கு எரிந்ததெல்லாம் அதில் இருந்தது. டிசம்பர் 4 முதல் பதினேழு முறை. அதில் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை. பெரிய பட்டறையில் இதை நீட்டியபோது மேலாளர், “எங்க மெஷின்ல எல்லாம் தெரியும் ஐயா” என்று கையால் ஒதுக்கியிருந்தார்.

மான்சிக் ஒரு வரி விடாமல் படித்தான்.

“செவ்வாய்க்கெழம மட்டும் வயசாகுற வண்டிய இப்பத்தான் பாக்குறேன்,” என்றான். “ஞாயிறு, திங்கள் ரெண்டு நாள் நிக்குது. பனி எறங்குது. ஓடிச் சூடாகிக் காஞ்சதும் சரியாயிடுது. எங்கயோ ஈரம் அண்ணே.”

சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. தன் சிறிய ஸ்கேனரை மாட்டினான். மூன்று உணர்விகள் ஒரே நேரத்தில் புகார் சொல்லின. டீசல் அழுத்தத்தை அளப்பது, காற்றை அளப்பது, புகைக் குழாயில் இருப்பது.

“அங்கேயும் இந்த மூணுதான் காட்டிருக்கும்,” என்றான். “ஒண்ணொண்ணா மாத்திட்டே வந்திருக்கானுங்க. மூணு பேரும் ஒரே நேரத்துல சாவாங்களா? மூணு பேருக்கும் ஒரே பானையிலேர்ந்துதான் சோறு போகுது. பானைய எவனாவது பாத்தானா?”

அந்த மூன்றுக்கும் ஒரே கம்பி வழியாக ஐந்து வோல்ட் வர வேண்டும். மீட்டரை வைத்தான். ஒன்று புள்ளி எட்டு. நான் எழுதிக்கொண்டேன். மூன்று உணர்விகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். எண் அசையவில்லை.

“அப்ப தின்னவங்க மேல தப்பில்ல. வழியில ஒழுகுது.”

கம்பிக் கற்றையைக் கையால் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போனான். பேட்டரிக்குப் பின்னால் போனதும் கை நின்றது. அங்கே வெள்ளைப் பட்டுநூல் சுற்றிய காய்ந்த மீன், எங்கள் பூகோ, கட்டியிருந்தது.

“தம்பி, தொடாத!” ஒக்ரே அலறினாள். “பூசை போட்ட மீனு. தொட்டா ஆகாது!”

வண்டிக்குப் பூசை போட்டால் மீனைக் கட்டிவிட்டு, பிறகு அதைத் தொடுவதில்லை. மான்சிக்கும் எங்கள் ஊர்க்காரன்தானே. கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு இடுப்பை வளைத்துக் கும்பிட்டான்.

“மீன் ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்குப் பின்னாடி கொஞ்சம் பாக்கணும்.”

தூக்கினான். எடையே இல்லை. முன்பக்கம் தலையும் தோலும் முழுசாக, வாயைப் பிளந்து எங்களைப் பார்த்தது. பின்பக்கம் வெறும் கூடு. எலி ஒரு துணுக்கு விடாமல் சுரண்டித் தின்றிருந்தது. உருவிய பட்டுநூலைக் கம்பிக் கற்றையின் மேல் மெத்தையாக விரித்திருந்தது. மெத்தை ஈரமாக இருந்தது. அதன் கீழே மூன்று கம்பிகளின் தோல் போய்விட்டது. ஒன்றின் செம்பு பச்சை பூத்து, பக்கத்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது.

“மிச்சம் வச்சிருந்தா சூப்பாவது வச்சிருக்கலாம்,” என்றான் மான்சிக். “ஆமா, பூகோவ எல்லாரும் பின்னாடி டிக்கியிலதான வைப்பாங்க? இஞ்சினுக்குள்ள கொண்டாந்து கட்டுன புண்ணியவான் யாரு?”

ஒக்ரே என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். நவம்பர் 11, ஞாயிறு. வண்டி மானின் மேல் மோதியதற்காகப் பூசை. மக்கல்லி மது ஒரு பாட்டில், நான்கு சக்கரங்களிலும் ஊற்றப்பட்டது. டிக்கியில் மீன் வாடை தல்ஹோவுக்குக் குமட்டுவதால், பூகோ ஒன்று பேட்டரிக்குப் பின்னால் கட்டப்பட்டது. கட்டியவர்: குவாக் ஜின்மோ.

என் பெயர்தான். உரக்கப் படித்தேன்.

“முடிச்சு நல்ல முடிச்சு அண்ணே,” என்றான்.

கெட்ட பகுதியை வெட்டினான். புதுக் கம்பி வைத்து ஈயம் பற்றவைத்து, உறை போட்டு, இரும்பைத் தொடாதபடி உயர்த்திக் கட்டினான். மீட்டரில் ஐந்து வந்தது. பிறகு எவரும் கேட்காத ஒன்றைச் செய்தான். பெரிய பட்டறையில் கழற்றிய இரண்டு பழைய உணர்விகளையும் ஒக்ரே ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். புதியவற்றைக் கழற்றிவிட்டுப் பழையவற்றை மாட்டினான். கம்பிமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஒரு மணி நேரம் இஞ்சினை ஓட விட்டான். விளக்கு எரியவில்லை. குற்றமில்லாத இரண்டு உறுப்புகளை வெட்டி எறிந்துவிட்டு, கடைசியில் உடம்பையே எரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்!

மான்சிக் தன் தாளில் எழுதினான். காரணம்: எலி. எலிக்குக் காரணம்: மீன். மீன் கட்டியவர். அங்கே நிறுத்திப் பேனாவை என்னிடம் நீட்டினான். எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்ச் 13, புதன். பரிசோதனை அதிகாரி சாவியைத் திருப்பினார். எரிய வேண்டிய நேரத்தில் விளக்கு எரிந்தது. இஞ்சின் ஓடியதும் அணைந்தது. பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு முத்திரை விழுந்தது. ஒக்ரே அலைபேசியில் மகனிடம், “ஒங்கப்பா எங்கயும் வரல, போன வச்சிரு” என்று சொல்லிவிட்டு, நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அது போதவில்லை. வியாழக்கிழமை தல்ஹோவை ஆஸ்பத்திரிப் படுக்கையில் விட்டுவிட்டு, இரண்டு தாள்களோடும் பெரிய பட்டறைக்குப் போனேன்.

மேலாளர் மான்சிக்கின் தாளைப் படித்துச் சிரித்தார். “அந்தப் பூகோவ நாங்களும் பாத்தோம் ஐயா. மூணு தடவயும் பாத்தோம். அதத் தொடுற வழக்கமில்லையே.”

“தொடலேன்னா ‘தொடல’ன்னு எழுதியிருக்கணும். முதுமன்னு எழுதிட்டீங்க. அந்தத் தாள நம்பி ஒரு மனுசன வீட்ட விட்டு அனுப்பப் பாத்தாங்க.”

“முடிஞ்சு போன விஷயம். இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?”

“அந்த ரெண்டு வார்த்தைய அடிங்க. எலின்னு எழுதுங்க.”

“நீங்க மீன் கட்டுவீங்க, நாங்க எழுதணுமா?”

“என் தப்ப என் கையால எழுதிட்டேன். கீழ கையெழுத்து இருக்கு, பாருங்க. உங்களோடத நீங்க எழுதுங்க.”

நின்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் வந்து, “என்ன ஐயா பிரச்சின?” என்று என்னிடம் கேட்டபோது, மேலாளர் பேனாவை எடுத்தார். அடித்தார். எழுதினார். தேதி போடச் சொன்னேன். போட்டார்.

பிற்பகலில் காரில் ஏற்றியதும் அந்தத் தாளைத் தல்ஹோவிடம் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எலி,” என்று படித்தார். “டாக்டரும் எனக்கு வயசுன்னுதான் எழுதிவச்சிருக்கான். அடுத்த வாரம் அவன்கிட்டயும் ஒருதரம் போய் நில்லு அண்ணே.”