எண்ணெய் படாத புருவம்

பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அவருடைய வெண்கல முகங்களைப் புருவத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அடியில் பெயர் கிடையாது. ஊரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, முகக்காரர் என்றே சொல்லும். செத்தவர் வீட்டுக்குப் போய், முகத்தில் வெள்ளைச் சாந்து ஊற்றி அச்சு எடுத்து, அதை வெண்கலத்தில் வார்த்துக் கொடுப்பதுதான் சிற்பியான அவருக்குச் சோறு போட்ட வேலை. அவர் தெருவில் எதிரே வந்தால் காய்ச்சல்காரர்கள் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார்கள்.

அந்த வேலையின் சூட்சுமமெல்லாம் எண்ணெயில் இருந்தது. சாந்து ஊற்றுமுன் மெல்லிய தூரிகையால் புருவத்துக்கு எண்ணெய் பூசிப் படிய வைக்க வேண்டும். பூசாவிட்டால் சாந்து இறுகி மயிரைக் கவ்விக்கொள்ளும். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் மறந்ததில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எந்த நாளில் சறுக்குவது என்று தீர்மானிக்க யானையால் ஆகாதே.

நாலு நாள் காய்ச்சலில், ஒரு விடிகாலையில், அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள். அவருக்கு அழுகை வரவில்லை. வருத்தம் வந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல ஆள் முழுக்க மரத்துக் கிடந்தார். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு ஆள் போயிற்று. அவள் மதியத்துக்குள் வந்து பார்த்ததும் பிணத்தை எடுத்துவிடுவதென்று பேச்சு.

நேரமானால் கன்னம் விழுந்துவிடும் என்று தொழில் சொன்னது. யாரும் கேட்காமலே கை சாந்தைக் குழைத்தது. படமெடுக்கும் கருவி எட்டாத காலம். பட்டறைச் சுவரில் ஊரில் பாதிப் பேர் முகம் தொங்கியது, மனைவியின் முகம் மட்டும் இல்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டார்.

நெற்றிக்கு எண்ணெய் பூசினார். கன்னத்துக்கும் இமைக்கும் பூசினார். புருவத்துக்கு வரும்போது மனைவியின் தங்கை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், அக்காவோட நல்ல துணியெல்லாம் எந்தப் பெட்டியில இருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியும் தெரியவில்லையே என்று யோசித்துக்கொண்டே நின்றார். கிண்ணத்தில் சாந்து இறுகத் தொடங்கியிருந்தது. அது யாருக்காகவும் காத்திருக்கிற பொருள் இல்லை. எடுத்து ஊற்றிவிட்டார்.

அச்சு சுத்தமாகக் கழன்று வந்தது. புருவம் இரண்டும் அதோடு வந்தன.

துணியோடு திரும்பி வந்த மச்சினி கட்டிலைப் பார்த்தாள்.

"என்ன அத்தான் இது? அக்கா புருவம் எங்க?"

"இதுல இருக்கு."

"உங்க மக வந்து பார்த்தா நெஞ்சு வெடிச்சிடும். ஏதாவது செய்ங்க."

செய்ய ஒன்றுதான் இருந்தது. அச்சை உடைத்தால் மயிரை எடுத்து மறுபடி ஒட்டலாம். ஆனால் முகம் போய்விடும். அச்சு காய்ந்து வெண்கலம் வார்க்க இரண்டு நாள் ஆகும், மகள் வரவோ இரண்டு மணி நேரம்தான். ஒட்டிய புருவத்தின்மேல் இன்னொரு தடவை சாந்து ஊற்றவும் முடியாது, மறுபடி பிய்ந்து வந்துவிடும்.

கொஞ்ச நேரம் அச்சை மடியில் வைத்திருந்தார். உள்ளே மூக்கும் வாயும் குழிவாகத் தெரிந்தன. பிறகு உளியை எடுத்தார்.

சிறு இடுக்கியால் ஒவ்வொரு மயிராகப் பிரித்து, பிசின் தொட்டு ஒட்டினார். இரண்டு நரைத்திருந்தன. அதுவும் அவருக்குத் தெரியாத சேதிதான். மச்சினி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டுகளை வாரிக் கொல்லையில் கொட்டிவிட்டு அவர் கை கழுவும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மகள் அழுது ஓய்ந்து, அம்மாவின் கன்னத்தைத் தடவினாள்.

"அம்மா அப்படியே இருக்காங்க."

அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்பா, அம்மா முகத்தை எடுத்துட்டீங்கல்ல? வழியெல்லாம் அதைத்தான் நெனச்சிக்கிட்டு வந்தேன். அது ஒண்ணு இருந்தா போதும் எனக்கு."

மச்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

"எடுக்கலம்மா."

"ஏன்?"

"மறந்துட்டேன்."

மகள் நம்ப முடியாமல் பார்த்தாள். "சரி, இப்ப எடுங்க. தூக்குறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"இப்ப முடியாது."

"எண்ணெய் இருக்கு, சாந்து இருக்கு. ஏன் முடியாது?"

அவர் கட்டிலில் கிடந்தவளின் புருவத்தைப் பார்த்தார். ஒட்டிய பிசின் இன்னும் முழுதாகக் காயவில்லை.

"யார் யார் வீட்டுக்கோ ஓடி ஓடி எடுத்தீங்க. அம்மா உங்களுக்கு அவ்வளவுதானாப்பா?"

காலையிலிருந்து எதுவுமே தோன்றாமல் இருந்தவருக்கு அப்போதுதான் வலித்தது. நெஞ்சுக்குள் நிஜமாகவே வலித்தது.

"அவ்வளவுதான்மா" என்றார்.