டாக்சியின் பின் சீட்

சக்கரம் என்று அவளை முதலில் கூப்பிட்டது அவள் அப்பா. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே எழுந்து போய் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்? "இவ கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு கணவனும் அதையே பிடித்துக்கொண்டான். அவன் வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவன். நாளெல்லாம் முழங்காலில் இருந்து தரையோடு தரையாகப் பழகியவன். எப்படித்தான் இந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறதோ என்று உறவுக்காரர்கள் வியந்தார்கள். ஒத்துத்தான் போனது.

வேலைதான் எதுவும் ஒத்துப்போகவில்லை. தையல் கடையில் பட்டன் தைக்கச் சேர்ந்தாள்; உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வேண்டியிருந்ததால் மழைக்காலம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். மருந்துக்கடையில் நிற்கலாம், நடக்க முடியாது. கூரியரில் நாள் முழுக்க நடக்கலாம், ஆனால் எந்த வீட்டிலும் வாசலைத் தாண்ட முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திரும்பி வரும்போது அவளுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

கடைசியில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில், திரும்பி வரும் கார்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கே நிலைத்துவிட்டாள். சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும், கதவு இடுக்கில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், கூரைத் துணியைக் கழுத்து வலிக்க அண்ணாந்து துடைக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி அந்தக் காரின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அடுத்தது வந்து நிற்கும். நேற்றைய அழுக்கை இன்றைக்குப் பார்க்கத் தேவையில்லாத வேலை உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவள் கணவனிடம் சொன்னாள்.

பிறகு அண்ணியோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்கினாள். பழைய வேன் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி, தூசியும் ஈரமும் உறிஞ்சுகிற மெஷின், நுரை தெளிப்பான், மூட்டை மூட்டையாகத் துணி. கூப்பிடுகிறவர்களின் வீட்டு வாசலுக்கே போய் வேலை செய்தார்கள். அண்ணி இவளுக்கு நேர்மாறு. ஒரு சீட்டின் தையல் வரிசையைத் தேய்க்க ஆரம்பித்தால், பக்கத்தில் வீடு இடிந்தாலும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பாள். அண்ணி வேலை செய்த காரில் குறை சொல்ல ஆள் கிடையாது. சக்கரம் வேலை செய்த காரில் சில சமயம் துணியோ ஸ்க்ரூடிரைவரோ கிடைக்கும்.

அண்ணிக்கு வெயிலும் தெருவும் அலுத்துப்போய்விட்டன. "நமக்குன்னு ஒரு எடம் வேணும். ஷட்டர் வெச்ச கடை. வண்டி நம்மளத் தேடி வரணும்" என்று ஆரம்பித்தவள், பெரிய சாலையில் ஒரு இடத்தைப் பார்த்தும் வைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும். சக்கரம் சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. நாலு சுவர், ஒரு ஷட்டர், தினமும் அதே தெருவிளக்கு. நினைத்தாலே பாதம் குறுகுறுத்தது. அண்ணியிடம் வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. கஷ்டகாலத்தில் கைகொடுத்தவள் அண்ணி.

கடையின் சொந்தக்காரர் சாவியோடு வருவதாகச் சொன்ன நாளில்தான் ஒரு டாக்சிக்காரர் போன் செய்தார்.

"நீ போயிட்டு வந்துடு, சின்ன வேலைதானே. ஆனா சாயங்காலம் நீ பக்கத்துல இருக்கணும். கடைக்காரர் இன்னொருத்தர்கிட்டயும் பேசி வெச்சிருக்காரு" என்றாள் அண்ணி.

"வந்துடறேன் அண்ணி."

"வந்துடறேன்னு சொல்லிட்டு வராம இருக்கறது உனக்குக் கைவந்த கலை. அதான் சொல்றேன்."

ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே அந்த டாக்சி நின்றது. மேலே போர்வை போட்டு மூடியிருந்தது. டாக்சிக்காரர் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நரைத்த மீசை, சலவைச் சட்டை. சாவியை அவள் கையில் கொடுக்காமல் வேன் மேல் வைத்தார்.

"பின் சீட்டு கொஞ்சம் அழுக்காயிருக்கும்மா" என்றார்.

கதவைத் திறந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சீட்டில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை கறுத்துக் காய்ந்த கறை. தரை விரிப்பில் இன்னும் ஈரம்.

"அடிபட்டவங்க யாரையாவது ஏத்திட்டு வந்தீங்களாண்ணா?"

"அடிபட்டவங்க இல்லம்மா. பிரசவம்." அவர் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இதுலயே ஆயிடுச்சு."

"நல்ல விஷயம்தானே. என்ன குழந்தை?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது. பட்டால் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, மருந்தை விட்டு ஊறவைத்து, மெஷினால் உறிஞ்சினாள். பழுப்புத் தண்ணீர் குழாயில் ஏறியது. மீண்டும் தெளித்தாள், மீண்டும் உறிஞ்சினாள். சீட்டின் உட்காரும் பகுதியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்ததும் கிளிப் விட்டுக் கையோடு வந்தது. அதை வெயிலில் சாய்த்து வைத்தாள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, சுருண்டுகொள்ளாமல் கவ்வி போட்டுத் தேய்த்தாள்.

டாக்சிக்காரர் தூணிலிருந்து வாசலுக்குப் போனார். வாசலிலிருந்து தூணுக்கு வந்தார். ஒரு சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் திரும்பப் பையில் போட்டார். தன்னைப் போலவே ஒரு ஆளைப் பார்ப்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் இவர் பிறவியிலேயே அப்படி இல்லை, ஏதோ ஒன்று உள்ளே இருந்து குடைகிறது என்று தெரிந்தது.

"இப்படி நடந்தா தரை தேஞ்சுடும்ணா. என்னாச்சு, சொல்லுங்க."

"அது அழலம்மா."

"எது?"

"குழந்தை. பொறந்தா அழணும்ல. அழல. அந்தப் பொண்ணோட அம்மா மடியில வெச்சு முதுகத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பொண்ணு கத்தினப்பவே நான் வண்டிய ஓரங்கட்டி நிறுத்தியிருந்தேன். ஓட்ட முடியாம கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன். அப்புறம் எப்படியோ ஓட்டி ஆஸ்பத்திரியில விட்டேன். துணியில சுத்தி உள்ள தூக்கிட்டு ஓடுனாங்க. அவ்வளவுதான். நான் திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம் போய்க் கேக்கலையா?"

"என்னன்னு கேப்பேன்? நிறுத்தாம ஓட்டியிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம். போய் நின்னு, அவங்க அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா?"

அவர் தூணுக்குப் போய்விட்டார். அவளால் அதற்குமேல் தேய்க்க முடியவில்லை. பிரஷ் கையில் இருந்தது, மனம் அங்கே இல்லை. அழுததா, அழவில்லையா? கூரியர் கொடுத்துவிட்டு மூடிய கதவின் முன் நின்ற எரிச்சல் அத்தனையும் ஒன்றாகத் திரண்டு வந்தது. முன் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவியபோது ஒரு செருப்பு அகப்பட்டது. பெண்கள் போடுகிற நீலச் செருப்பு, இடது கால்.

செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கிளம்புங்க."

"எங்க?"

"இத கொடுக்க வேண்டாமா? ஒத்தச் செருப்ப வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

"வேணாம்மா. நீ வேலையப் பாரு."

"சீட்டு காயணும்ணா. அதுவரைக்கும் எனக்கு இங்க வேல இல்ல. நீங்க வரலன்னா நான் மட்டும் போவேன். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க."

அவள் வேனைக் கிளப்பியபோது அவர் ஓடி வந்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். பாலத்துக்கு முன்னால் ஓர் இடத்தில், "இங்கதான் நிறுத்தினேன்" என்றார். அங்கே ஒரு டயர் கடையும் குப்பைத் தொட்டியும் இருந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. நோயாளி பெயர் தெரியாது, உறவு கிடையாது, கையில் ஒரு செருப்பு. "பிரசவ வார்டுல கொடுக்கணும்" என்றாள் சக்கரம். "பேர் சொன்னாதான் விடுவோம்" என்றாள் அவள். "செருப்புக்கு ஏதுங்க பேரு?" என்று இவள் கேட்க, பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவலாளி மட்டும் சிரிக்காமல், ஓரமாக நிற்கச் சொன்னார்.

ஓரமாக நிற்பது அவளால் ஆகிற காரியமா? படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே நடந்தாள். டாக்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, உடனே எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பிரசவ வார்டிலிருந்து துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆயாவை அவள் மடக்கிப் பிடித்தாள். டாக்சியில் பிறந்த குழந்தை என்றதும் ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது. "அந்தப் பொண்ணோட அம்மா மேலதான் இருக்காங்க. அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தையைப் பற்றிக் கேட்பதற்குள் லிஃப்ட் மூடிக்கொண்டது.

வேனில் விட்டுவந்த போன் அந்நேரம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. சாவி, ஷட்டர், அண்ணி எதுவும் நினைவில் இல்லை. இருந்ததெல்லாம் அந்த மூடிய லிஃப்ட் கதவுதான்.

கடைசியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் படியிறங்கி வந்தாள். கசங்கிய உடை, தூக்கமில்லாத கண். டாக்சிக்காரரைப் பார்த்ததும் நின்றாள். அவர் எழுந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சக்கரத்திடமிருந்து செருப்பை வாங்கி நீட்டினார்.

"உங்களத்தான் கண்டுபிடிக்க முடியாம இருந்தோம். அவசரத்துல போன் நம்பர்கூட வாங்கல" என்றாள் அவள்.

"குழந்தை..." என்று தொடங்கினார்.

"மூச்சு இருக்கு. கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க. பொண் குழந்தை. பொழச்சுக்கும்னு இன்னும் உறுதியா சொல்லல, ஆனா நேத்தைக்கு இன்னைக்குத் தேவலன்னாங்க."

"நான் வண்டிய நிறுத்தினதாலதான்..."

"நிறுத்துனதாலதான் என் கையால புடிக்க முடிஞ்சுது. தொப்புள்கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு. வண்டி குலுங்கிக்கிட்டே இருந்திருந்தா நான் என்னத்த எடுத்துவிட்டிருப்பேன்?"

டாக்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. சலவைச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள். சக்கரத்துக்கு மட்டும் உட்காரத் தோன்றவில்லை. உறுதியாகச் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம், எப்போது சொல்வார்கள் என்று அவளுக்குள் புதிதாக ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது.

வேனுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. போன் திரை முழுக்க அண்ணியின் அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள்.

"அவரு போயிட்டாரு. கடை இன்னொருத்தருக்கு" என்றாள் அண்ணி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது. சக்கரம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

நாளைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. ஒரே வேனில், ஒரே காரின் ஆளுக்கொரு பக்கத்தில், இருவரும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். துணி வேண்டுமென்றால் அண்ணி கையை மட்டும் நீட்டுவாள். சக்கரம் இடையிடையே விலகிப் போய் டாக்சிக்காரருக்குப் போன் செய்வாள். "இன்னும் பெட்டிலதான்மா" என்பார். ஒருநாள், "இன்னைக்கு நல்லா இல்லையாம்" என்றார். அன்றைக்கு அவள் ஒரே டாஷ்போர்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி வந்து துணியைப் பிடுங்கினாள்.

"யாருக்குப் போன் பண்ணிட்டே இருக்கே?"

அப்போதுதான் முழுக் கதையும் சொன்னாள். அண்ணி சீட் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் பிடுங்கிய துணியை மடித்து வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க வெச்சுட்டீங்க."

"வெச்சா என்ன, வீட்டுக்கு வந்து சொல்றது." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குக் கடை பிடிக்கலைதானே?" என்றாள்.

சக்கரம் நுரை தெளிப்பானின் மூடியைத் திருகினாள், அவிழ்த்தாள், திருகினாள்.

"பிடிக்கல அண்ணி. சொல்ல வாய் வரல."

"என்னத்தான் சொல்லணும். உன்ன ஒரு எடத்துல உக்கார வெக்கலாம்னு நெனச்சேன் பாரு."

டாக்சியின் சீட்டில் கறையின் நிழல்கூட மிஞ்சவில்லை. ஆனால் டாக்சிக்காரர் வாடை அடிக்கிறது என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் போய் மூக்கை வைத்துப் பார்த்தாள், சோப்பு வாசனைதான். இருந்தும் அவர் திருப்திக்காக மீண்டும் கழுவினாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது சொல்லிவிட்டாள்: "சீட்டுல ஒண்ணும் இல்லண்ணா. நீங்க ஏறி ஓட்டுங்க, தானா போயிடும்." அவர் ஓட்டினார். முதல் சவாரியே கர்ப்பிணிப் பெண்ணாம். நத்தை மாதிரி போனதில் அந்தப் பெண்ணே சலித்துக்கொண்டாளாம். அதை அவர் போனில் சொன்னபோது முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

குழந்தை வீட்டுக்குப் போக நாளாயிற்று. இடது காது சரியாகக் கேட்கவில்லை, வளர வளரப் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மற்றபடி நன்றாக இருந்தது. அழத் தொடங்கினால் தெருவே எழுந்துவிடுகிறது என்று அந்தப் பாட்டி டாக்சிக்காரரிடம் குறைபட்டுக்கொண்டாளாம், பெருமையோடு.

அண்ணி வேறு ஒரு கடை பார்த்தாள், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கொஞ்சம் சின்னது. தன் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். மெஷின்களில் பெரியது கடைக்குப் போயிற்று. வேனும் சின்ன மெஷினும் சக்கரத்துக்கு. கடைக்கு வர முடியாத வண்டிகளை அண்ணி அவளுக்குத் தள்ளிவிடுவாள். பொறுமை வேண்டிய தோல் சீட்டுகளை அவள் அண்ணிக்கு அனுப்புவாள். வாரக் கடைசியில் கடைப்பக்கம் போவாள். அண்ணி வேலையை நிறுத்தாமலே பேசுவாள், இவள் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு கேட்பாள்.

போன தடவை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாத்தியார் போன் செய்தார். மகள் காருக்குள் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாளாம், இன்னும் காயவில்லையாம். "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க சார், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சக்கரம் வெளியேறினாள். அண்ணி ஆரம்பித்த வாக்கியத்தை வேன் போன பிறகு துணைக்கு வைத்திருந்த பெண்ணிடம் சொல்லி முடித்தாள்.