வாழைமரத்து மாப்பிள்ளை

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாங்காய் சீசன் முடிகிற சமயம். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பேத்தியின் கட்டில் பக்கத்திலேயே நாலு நாள் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குப் பத்து வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினம் நாலு ஊசி, அவளே போட்டுக்கொள்வாள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி, காலேஜ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் சோறு இறங்கவில்லை. துன்னாதவளுக்கு ஊசி எதற்கென்று அதையும் விட்டுவிட்டு, மயங்கி விழுந்திருக்கிறாள். எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம் என்பதால் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். அவள் அப்பா, என் மகன், புனேயில் கம்பெனி வேலை. அவனும் மருமகளும் ரயில் பிடித்து வந்தாக வேண்டும்.

போனில் மகன் சொன்னான்: "பயப்படாதம்மா. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு கீது. கேஷ்லெஸ், கைக்காசு கட்ட வாணாம்."

"நாம பொறந்ததுலேர்ந்து கேஷ்லெஸ்தானேடா? அதுக்கு இன்னாத்துக்கு ஒரு கார்டு?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நான் ஜோக்கடித்து அவன் சிரிக்கவில்லை என்றால் விஷயம் பெரிது.

இரண்டாம் நாள் மத்தியானம் பேத்தியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். தோளில் பையோடு ஒரு பையன் வந்தான். இன்சூரன்ஸிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறானாம். எத்தனை வருஷமாக சர்க்கரை, எந்த காலேஜ் என்று தெலுங்கில் கேட்டு எழுதிக்கொண்டான். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். கடைசியில் கேட்டான், "பெள்ளி அயிந்தா அம்மா?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று.

பையன் லட்சணமாக வேறு இருந்தான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி கேட்கிறானே என்று எனக்கு வாய் அரித்தது.

"அயிந்தி நாயனா" என்றேன். ஆகிவிட்டதப்பா.

புருஷன் எங்கே என்றான்.

"பெள்ளி ரோஜே போயாடு." கல்யாணத்தன்றே போய்ச் சேர்ந்துவிட்டான்.

பையனின் முகம் வாடிவிட்டது. "அய்யோ பாபம்" என்று எழுதிக்கொண்டான். அந்த மாப்பிள்ளை ஒரு வாழைமரம் என்று சொல்லி அவனைச் சிரிக்கவைக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவனுக்குப் போன் வந்து, பேசிக்கொண்டே போய்விட்டான்.

பேத்தி ஜாதகத்தில் தோஷம் என்று ஒரு ஐயர் சொன்னதால், பதினாறு வயதில் அவளை வாழைமரத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். எங்கள் பக்கம் இது உண்டு. தாலி கட்டின கையோடு மரத்தை வெட்டிவிடுவோம், தோஷம் மரத்தோடு போய்விடும். வீட்டில் அதை 'மொதல் கல்யாணம்' என்று சொல்லி அவளைக் கிண்டல் செய்வோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேஜையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கார்டு செல்லாதாம். கல்யாணம் ஆன பெண் அப்பா கார்டில் வரமாட்டாளாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சக்கர அவளுக்கு. கண்ணாலத்துக்கும் ரத்தத்துக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டேன். அவள் ரூல் என்றாள்.

மகனுக்குப் போன் போட்டேன். அவன் ரயிலிலிருந்து கத்தினான்.

"இன்னாம்மா சொல்லித் தொலைச்ச? படிச்சிக்கினு கீற வரைக்கும், அதுவும் கண்ணாலம் ஆவாம இருந்தாத்தான், இருபத்தஞ்சு வயசு மட்டும் கார்டு. இது பூட்ச்சின்னா, இந்த வியாதிக்கு வேற எவனும் இன்சூரன்ஸ் தரமாட்டான்."

ஆகாத கல்யாணத்தை ஆகவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஆனதற்குப் பத்திரிகை உண்டு, போட்டோ உண்டு. ஆகாததற்கு என்ன உண்டு?

கட்டிலுக்குத் திரும்பிப் பேத்தியிடம் சொன்னேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கோபிப்பாள் என்று பார்த்தால், மெதுவாகப் போனை எடுத்தாள்.

"ஆயா, என் வூட்டுக்காரு போட்டோ என்கிட்ட கீது."

பார்த்தேன். பட்டுப்பாவாடையில் அவள். பக்கத்தில் வேட்டி கட்டி, மாலை போட்டு, குலை தள்ளாத வாழைமரம்.

"உன்ன விட ஒசரம்டி" என்றேன். இரண்டு பேருமே சிரித்தோம். சிரிக்கும்போதே அவள் கேட்டாள், "கார்ட்ல பேரு எடுத்துட்டா இன்னா பண்றது ஆயா?"

மறுநாள் காலையில் அந்தப் பையன் மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போனை அவன் முன் நீட்டி, "இதோ, செத்துப்போன மாப்பிள்ளை" என்றேன். ஒன்றும் புரியாமல் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினான்.

"நீங்க சொன்னதைத்தானே அம்மா எழுதினேன்" என்று தெலுங்கில் சொன்னான்.

"தப்பு என் வாய்மேலதான் நாயனா. அதுக்குத் தண்டனை அவளுக்கு வாணாம்."

அவன் போயிருக்கலாம். போகவில்லை. வேறு காகிதம் எடுத்து, வரன் வாழைமரம் என்றும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றும் நான் சொன்னபடி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினான். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். போட்டோவை மேலதிகாரிக்கு அனுப்பினான். யாரோ நம்பவில்லை போல. "ஆமா சார், அரட்டி செட்டு, அரட்டி செட்டு" என்று போனில் வாழைமரத்தையே திரும்பத் திரும்பச் சொன்னான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கார்டு செல்லும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பேத்தி இப்போது மேலே படிக்கிறாள். இருபத்தைந்து நெருங்குகிறது. நல்ல வரன் வந்தால் சந்தோஷப்படுவதா, கார்டு போகுமே என்று பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தாலி ஏறினால் சர்க்கரை இறங்கிவிடுமா என்ன? என் வாய் மாறவில்லை, ஆனால் காகிதத்தோடு யார் வந்தாலும், அவர்கள் பேனாவை மூடுகிற வரைக்கும் வாயை மூடிவைக்கக் கற்றுக்கொண்டேன்.