ஏழு மணி அல்ஜீப்ரா

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணி என்றால் ஜெபம். அப்பா இருந்தபோதும் அப்படித்தான், அவர் போன பிறகும் அப்படித்தான். இப்போது வீட்டில் நானும் அம்மையும் மட்டும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, பைபிளில் ஓர் அதிகாரம் வாசித்து, ஆளுக்கொரு ஜெபம் சொல்லி முடிப்பதை அம்மை இன்னமும் குடும்ப ஜெபம் என்றுதான் சொல்லுவாள். அந்த ஏழு மணிக்குத்தான் என் அல்ஜீப்ரா வகுப்பும் வந்து விழுந்தது.

நான் பக்கத்து ஊரான கருங்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதுமில்லை. டிப்ளமோ மட்டும் படித்தவள். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று, அங்கே வேலை பார்த்துக்கொண்டே பட்டத்தை முடிக்க இடம் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, கல்லூரி அளவில் அல்ஜீப்ராவை ஆன்லைனில் படித்துத் தேறியிருக்க வேண்டும். தேறினால் விமானம், தோற்றால் அதே கருங்கல் பஸ்.

பள்ளிக்கூடத்தோடு நானும் கணக்கும் பிரிந்துவிட்டோம், இருவருக்கும் அதில் வருத்தமில்லை. ஊசி மருந்தின் அளவை மனசுக்குள்ளேயே போட்டுவிடுவேன். எக்ஸ் என்று ஒன்றை எழுதிவிட்டால் மட்டும் கை நின்றுவிடும். நல்லவேளையாக வாத்தியார் தமிழில் விளக்குகிறவர். பொறுமையான குரல். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் களைத்த முகங்கள்.

ஜெபத்தை எட்டேகாலுக்கு மாற்றலாமா என்று அம்மையிடம் கேட்டேன். "கர்த்தருக்கே டைம் மாத்திக் குடுக்கவ நீ ஒருத்திதான்" என்றாள். ஆனாலும் சம்மதித்தாள். நான் முன்னறையில் மொபைலைச் சாய்த்து வைத்துப் படிப்பேன், அவள் அடுக்களையில் காத்திருப்பாள். எட்டேகாலுக்கு வந்து, முட்டு வலியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று, "எனக்க மவளை இந்தப் பரீட்சையில ஜெயிக்கப் பண்ணும்" என்று சத்தமாகக் கேட்பாள். நான் ஆமென் சொல்லுவேன். எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

ஒருநாள் வகுப்பில் சந்தேகம் கேட்டேன். சமன்பாட்டில் ஓர் எண் அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள், ஏன் மாறுகிறது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டு முடிப்பதற்குள் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்த மறந்திருக்கிறேன். மொபைலை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மை முழங்காலிலிருந்து எழுந்து, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து முட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பழைய ஜெப நேரத்துக்கு முட்டு தானாக மடங்கியிருக்கும் என்று நினைத்தேன். மொபைலை நிமிர்த்தினால் வாத்தியார் எனக்கான பதிலை முடித்து அடுத்த கணக்குக்குப் போயிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்புகளையெல்லாம் பதிவு செய்து போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, விட்டுப்போன பதிலைக் கேட்கலாம் என்று இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மை உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பதிவில் என் கேள்வி வந்தது. நான் ஓடுகிற செருப்புச் சத்தம் வந்தது. வாத்தியார் "நல்ல கேள்வி" என்று தொடங்கினார். அதன்மேல் அம்மையின் குரல் வந்தது.

அன்றைக்கு மைக்கை அணைக்காமலே ஓடியிருக்கிறேன். மொபைலைக் கவிழ்த்து வைத்தால் அது அணைந்துவிட்டது என்பது அம்மையின் எண்ணம். தனியாக இருந்தாலும் வாய்விட்டு ஜெபித்துத்தான் அவளுக்குப் பழக்கம், மனசுக்குள் ஜெபிப்பது அரைகுறை என்பாள்.

"ஆண்டவரே, எனக்க மவ படிக்கா. அவ ஜெயிக்கணும்னு தெனமும் அவளுக்க முன்ன வச்சுக் கேக்கேன். அதுல பாதி பொய்யின்னு உமக்குத் தெரியும். அவ போயிட்டா எனக்கு ஆரு உண்டு? தோக்கணும்னு கேக்க நாக்கு வரல்ல. பெத்தவ அப்பிடிக் கேக்கப்பிடாது. ஜெயிக்கணும்னு முழு மனசாட்டுக் கேக்கவும் முடியல்ல. நான் என்னத்தக் கேக்கட்டு? நீரே பாத்துக்கிடும்."

ஆமென் வரைக்கும் வாத்தியார் பேசவில்லை. கட்டங்களில் ஒருத்தரும் அசையவில்லை. ஓர் அம்மாள் மட்டும் தலையைக் குனிந்திருந்தார். பிறகு வாத்தியார் என் சந்தேகத்துக்குப் பதில் சொன்னார். உண்மையில் எந்த எண்ணும் அந்தப் பக்கம் போவதில்லை, இரண்டு பக்கத்திலும் ஒரே அளவைக் கழிக்கிறோம் என்றார். இந்தப் பக்கம் அது இல்லாமல் போகிறது, அந்தப் பக்கம் குறைவாக நிற்கிறது, அவ்வளவுதான் என்றார். கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுதேன். அம்மைக்குக் கேட்கக்கூடாது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எட்டேகால் ஜெபம் எனக்குக் கொடுமையாகிவிட்டது. அவள் பாதிப் பொய்யைக் கடவுள் முன்னால் முழுச் சத்தத்தில் சொல்லுவாள், நான் தெரிந்துகொண்டே ஆமென் சொல்லுவேன். படிப்பிலும் மனம் நிற்கவில்லை. பேசாமல் தோற்றுவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். அவள் கேட்கக் கூசியதை நானே செய்து முடிக்கலாம், யாருக்கும் தெரியாது.

பரீட்சைக்கு முந்திய நாள், என்னை முதலில் ஜெபிக்கச் சொன்னாள். கண்ணை மூடினேன். வழக்கமான வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஜெயிக்கணும். அம்மையை விட்டுட்டுப் போகவும் மனசில்ல. ரெண்டும் உள்ளதுதான். என்னத்தக் கேக்கணும்னு எனக்கும் தெரியல்ல" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

அம்மை ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"எப்பம்?"

மோட்டார் ஓடிய நாளையும் மைக்கையும் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பம் கிளாஸு முழுக்கக் கேட்டுதா?"

"கேட்டுது."

"சாரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல்ல. நீங்க ஆமென் சொல்லுகது வரைக்கும் காத்துட்டு இருந்தாரு."

அம்மை நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். எழுந்து நின்று மூச்சு வாங்கியபடி என் தலையில் கையை வைத்தாள்.

"நல்ல மனுஷன். அவருக்க பாடத்துல தோத்திராத, மக்கா."