கௌரி திருப்பிக் கொடுத்த எட்டு வீதம்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது கௌரியின் மகள் ஆரணியிடமிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. உடனே மறுபடியும் வந்தது. வெளியே போய் எடுத்தேன். "அன்ரி, அம்மா விடிய போயிட்டா. பெயின் ஒண்டும் இருக்கேல்லையாம், நர்ஸ் சொன்னவா" என்றாள். உடலைப் பார்வைக்கு எங்கே வைப்பீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு கூட்டத்துக்குத் திரும்பினேன். யார் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நினைவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பிறகு ஆரணி கேட்டாள். கௌரியின் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எழுத, கூட வளர்ந்த நீங்கள் பலர் இருக்கிறீர்கள். நான் திருச்சிக்காரி. அவரை எனக்கு வேலையிடத்தில்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு விற்பனை வரி விவகாரம். அதையே எழுதுகிறேன்.

மிசிசாகாவில் ஒரு சிறிய நிறுவனம். கிரைண்டர், இட்லிக் குக்கர், தோசைக்கல் முதலியவற்றை இணையத்தில் கனடா முழுவதும் விற்றோம். கௌரி கணக்குப் பகுதி; நான் இணையதளம். எங்களுக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம். அவர் அஜக்ஸிலிருந்து வருவார். வழியில் வெக்ஸ்போர்டில் என்னை ஏற்றிக்கொள்வார். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். "நீங்கள் வந்தாலும் வராட்டிலும் கார் ஓடத்தானே போகுது" என்பார்.

ஒரு நாள் அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்கரியிலிருந்து தன் தம்பி வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் கிரைண்டர் வாங்க நேரே எங்கள் கிடங்குக்கு வந்தார். பில்லில் ஒன்ராறியோ மாகாண வரி பதின்மூன்று வீதம் இருப்பதைப் பார்த்ததும் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். "பாருங்கோ, நான் அல்பேர்ட்டாக்காரன். எங்களுக்கு அஞ்சு வீதம்தான்."

"நீங்கள் அல்பேர்ட்டாதான் அண்ணை. ஆனா கிரைண்டரை இஞ்ச ஒன்ராறியோவிலதானே கையில வாங்கிறியள்" என்றார் கௌரி.

"நான் பிளேனில கொண்டு போயிடுவன் பிள்ளை."

"அது உங்கட விருப்பம். நாங்கள் அங்க அனுப்பினா அஞ்சு வீதம். அனுப்பிவிடவோ? அனுப்புற செலவு நீங்கள் மிச்சம் பிடிக்கிறதை விடக் கூட வரும்."

அவர் சிரித்துக்கொண்டே பதின்மூன்று வீதத்தையும் கட்டினார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். இணையதளத்தில் வரியைக் கணக்கிட நான் எழுதிய நிரல் அந்த நேரத்திலும் தவறாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து இங்கே ஸ்கார்பரோவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். கல்கரியில் இருக்கும் மகளுக்கு முந்நூறு டாலர் கிரைண்டர் ஒன்றை அனுப்பியிருந்தார். அங்கே வரி ஐந்துதானாமே, தன்னிடம் ஏன் பதின்மூன்று வாங்கினீர்கள் என்று கேட்டார். கௌரி பில்லைப் பார்த்தார். வேறு பத்துப் பில்களையும் எடுத்துப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"உங்கட புரோகிராம் எந்த அட்ரஸைப் பாக்குது? காசு கட்டுறவரின்ர அட்ரஸையோ, சாமான் போற அட்ரஸையோ?"

"கார்டு அட்ரஸை" என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது.

பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டுக்கே வாங்குவதால் தவறு வெளியே தெரியவில்லை. வேறு மாகாணத்திலிருக்கும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அனுப்பியவர்களின் பில்கள்தான் பிழை. இங்கிருந்து கல்கரிக்கு அனுப்பியவர்களிடம் எட்டு வீதம் அதிகம் வாங்கியிருந்தோம். கல்கரியிலிருந்து இங்குள்ள தாய்தகப்பனுக்கு அனுப்பியவர்களிடம் எட்டு வீதம் குறைவு. இப்படி ஏழு மாதம்.

எனக்கு அப்போது நிரந்தர வசிப்புரிமை வரவில்லை. என் வேலை அனுமதி அந்த ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் நான், கணவர், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மகன் எல்லாரும் மூட்டை கட்டவேண்டியதுதான். "கௌரி, ஒரு மாசம் பொறுக்க முடியுமா? என் பேப்பர் வந்துடும். அதுக்கப்புறம் முதலாளிகிட்ட சொல்லுங்க" என்று கேட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. "உந்தப் பிழையை முதல் நிப்பாட்டுங்கோ. இனிப் போற பில்லாவது சரியாப் போகட்டும்" என்றார். அன்று மாலைக்குள் திருத்திவிட்டேன். திரும்பி வரும்போது நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். வெக்ஸ்போர்டில் என்னை இறக்கிவிடும்போதுதான் வாய் திறந்தார். "நாளைக்கு நான் சொல்லப் போறன். நீங்களும் வாங்கோ."

மறுநாள் கௌரி முதலாளியின் அறைக்கு ஒரு தாளோடு வந்தார். இணையதளத்தை அமைக்கும்போது அவரே எனக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு அது. 'வாடிக்கையாளரின் மாகாணத்துக்குரிய வரி' என்று அதில் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பிழை இதில துவங்குது. சாமான் போற மாகாணம் எண்டு நான் எழுதியிருக்கோணும். பிறகும் மொத்தத்தை மட்டும் பாத்தன், ஒவ்வொரு பில்லாப் பாக்கேல்லை."

என் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. "புரோகிராம் எழுதினது நான்தான் சார். நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்" என்றேன்.

முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். கெட்டவர் அல்ல; பயந்துவிட்டார். "கூட வாங்கினதும் குறைய வாங்கினதும் கிட்டத்தட்டச் சரிதானே? அப்பிடியே விடுங்கோ" என்றார்.

"ஒருத்தரிட்டக் கூட வாங்கினதை இன்னொருத்தற்ற குறைக்கு வைக்க ஏலாது. கூட வாங்கினதை அவையளிட்டயே குடுக்கோணும். குறைஞ்சது எங்கட பிழை, அதை நாங்கள்தான் அரசாங்கத்துக்குக் கட்டோணும்" என்றார் கௌரி.

"ஆர் உந்தப் பில் எல்லாத்தையும் கிளறப் போறது?"

"நான்."

அடுத்த மூன்று வாரமும் அதுதான் வேலை. நான் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன், அவர் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்தார். பணம் திருப்பித் தருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு பெரியவர் மூன்று முறை துண்டித்தார். நான்காவது முறை, "பொலிசுக்குச் சொல்லுவன்" என்று மிரட்டினார். "நல்லது ஐயா, சொல்லுங்கோ. உங்கட கார்ட் நம்பர் ஒண்டும் எனக்கு வேண்டாம். பத்து நாளில ஸ்டேட்மென்றைப் பாருங்கோ" என்றார் கௌரி. பத்தாம் நாள் அந்தப் பெரியவரே கூப்பிட்டு, அரை மணி நேரம் தன் மூட்டுவலி பற்றிப் பேசினார். ஸ்கார்பரோ அம்மாவுக்கு இருபத்துநான்கு டாலர் போயிற்று.

என் வேலை போகவில்லை. ஆனால் கணக்குப் பகுதி மேலாளர் பதவியை முதலாளி கௌரிக்குத் தருவதாக இருந்தார். அது வேறொருவருக்குப் போனது. காரில் அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினார். "சம்பளம் கூடியிருக்கும். கவலைதான், என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு, ஆரணிக்குக் கணிதத்தில் என்ன மதிப்பெண் என்று தொடங்கிவிட்டார். அடுத்த ஆண்டு அஜக்ஸில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவமனையில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு வசிப்புரிமைத் தாள் வந்த நாளில் முதலில் அவரிடம்தான் சொன்னேன். நன்றி சொல்லத் தொடங்கியபோது, "அது அரசாங்கம் தந்தது" என்று முடித்துவிட்டார்.

பார்வைக்கு வைத்த அன்று ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டு தன் கணவரிடம் அறிமுகப்படுத்தினாள். "இவாதான் அந்த அன்ரி. வேலைப் பெர்மிட்டில இருந்தும் பயப்பிடாமல், முதலாளியிட்ட நேர போய், நான்தான் பிழை விட்டனான் எண்டு சொன்னவா. அம்மா எங்களுக்கு எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறா."

நான் ஒரு மாத அவகாசம் கேட்டதைக் கௌரி வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தில் ஆரணியைத் திருத்த என்னால் முடியவில்லை. ஆகவே இங்கே எழுதிவிட்டேன். பயந்துதான் போனேன், ஆரணி. உன் அம்மா முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். நான் என்று அவர் சொல்லி வைத்திருக்கும் அந்தப் பயப்படாத பெண்ணை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இனி வரும் நாட்களில் அவளாக இருக்கப் பார்க்கிறேன்.