அண்ணன் அமைத்த முதலாளி முழக்கம்

எங்கள் குடும்பத்துக்கு மூத்தவரான அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். அதில் நல்லது இருந்தால் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

எம். புதுப்பட்டியில் பிறந்த அண்ணன், பட்டாளத்து பேண்டில் டிரம்பெட் ஊதப் பழகி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். இங்கே அவருக்குக் கிடைத்தது விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. மதினியும் அங்கேயே திரி செருகினார். அந்த மருந்து நெடியிலிருந்து இருவரும் வெளியேறிவிட வேண்டும் என்பது ஒன்றே அண்ணனின் ஆசை.

அதற்கு ஒரு வழி வந்தது. ஜில்லா முழுக்கப் பேர்பெற்ற விருதுநகர் பேண்டு குழுவின் மாஸ்டர், கம்பெனி முதலாளி வரும்போது வாசிக்க ஒரு வரவேற்பு இசை கேட்டார்.

"நல்லா அமைச்சுட்டீருன்னா நம்ம செட்டுல ஒமக்கு ஒரு இடம் உண்டுய்யா" என்றார்.

அண்ணன் அமைத்தது சிறியதுதான். டிரம்பெட்டுகள் மேலே ஏறி நிற்கும், பெரிய குழல்கள் அடியில் அதிரும். கேட்டால் முதுகு தானாக நிமிரும். ஆயுத பூஜையில் அதைக் கேட்டு மகிழ்ந்த முதலாளி அவர்கள், இனி இது ஒலித்தால் எல்லோரும் எழுந்து கும்பிட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். சனங்கள் அதற்கு 'மொதலாளி முழக்கம்' என்று பேர் வைத்தார்கள். அண்ணனுக்கு மட்டும் இடம் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "இந்த சீசன் போகட்டும்யா" என்றார் மாஸ்டர்.

அந்த சீசன் போயிற்று. அடுத்த சீசனில் மதினி போனார். வெடிவிபத்தில் கருகியவரை முகம் மூடிக் கிடத்தியிருந்தோம். தெரிந்தவர் வீட்டுச் சாவு என்று பேண்டு குழுவினர் வந்து, தெருவில் நின்று சோகமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முதலாளி அவர்களின் கார் வந்து நின்றது. பழக்கதோஷம்; மாஸ்டரின் கை உயர்ந்தது, முழக்கம் கிளம்பிவிட்டது.

அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். மதினியின் தலைமாட்டில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிலே! மொதலாளி நிக்காகல்ல?" என்று பெரியப்பா அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

அண்ணன் எழுந்து கும்பிட்டார். முதலாளி அவர்கள் முழக்கம் முடியும்வரை வாசலில் நின்று கேட்டுவிட்டே உள்ளே வந்தார்கள். போகும்போது மாஸ்டரிடம், "பாவம், இவரையும் செட்டுல சேத்துக்கங்க" என்றார்கள்.

அப்படித்தான் அண்ணன் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். தனியாக வந்தார். அதன் பிறகு முதலாளி அவர்கள் எங்கே இறங்கினாலும் முழக்கம் ஊதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, அவுகளுக்குப் போயி ஊதுறீகளே, வெக்கமா இல்லையா?" என்று ஒருநாள் சண்டை போட்டேன்.

"ஊதுறவன் கும்பிட வேண்டாம்ல, தாயி. ரெண்டு கையும் வேலையா இருக்கும்" என்றார்.

வெடிமருந்து தின்ற நெஞ்சு கடைசியில் அவரை ஊதவும் விடவில்லை. சாத்தூர் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த மச்சான்மாருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இறுதிச் சடங்கன்று முதலாளி அவர்கள் வேலை மிகுதியால் மாலையை மட்டும் அனுப்பியிருந்தார்கள். நேரில் வராமல் இருந்ததற்காக அன்னாருக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.