உசுரைப் பிடி

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஜன்னலையும் சாத்தியாயிற்று. நுண்ணோக்கியின் மேல் குனிந்தபடி, இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டி எச்சரிக்கிறார் எங்கள் ஆய்வக உதவியாளர் முனிகிருஷ்ணன். “உசுரைப் புடிங்க சார்.”

முதல் நாள் இதைக் கேட்டுப் பயந்தே போனேன். நான் திருநெல்வேலிக்காரன், உசுரு என்றால் எனக்கு உயிர்தான். கன்னடத்தில் மூச்சுக்கு உசிரு என்று பெயராம். இந்தக் கன்னட ஊரில், ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு எது தமிழ், எது கன்னடம் என்ற கவலையெல்லாம் கிடையாது. மூச்சை அடக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அடக்காவிட்டால் காரியம் கெட்டுவிடும். இடுக்கியில் அவர் பிடித்திருப்பது ஒரு கரி இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம். அதை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து, சூட்டில் இழுத்து, நுனி மட்டும் வெளியே நிற்கும்படி வெட்டினால் எலக்ட்ரோடு தயார். எலியின் மூளைக்குள் அதை இறக்கி மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், செல்லுக்குச் செல் சேதி சொல்லும் டோபமைன் என்கிற ரசாயனம் திரையில் ஒரு மேடாகத் தெரியும். அந்த மேட்டுக்கு முனிகிருஷ்ணன் வைத்த பெயர் மூக்கு. எலிக்குள் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் டோபமைன் கரைசலில் முக்கிப் பார்ப்பார். “மூக்கு வந்துச்சு, எட்துனு போங்க” என்றால் என் அதிர்ஷ்டம். “சப்ப மூக்கு” என்றால் குப்பைத் தொட்டி. என் முனைவர் பட்டமே அந்த மூக்கில்தான் நிற்கிறது.

அவர் மீசை வைப்பதில்லை. அதில் மூச்சு பட்டுத் திரும்புகிறதாம். முன்பு பீன்யாவில் பல்பு கம்பெனியில் கண்ணாடி ஊதியவர். “அங்க ஊதறதுக்கு சம்பளம், இங்க ஊதாததுக்கு” என்பார்.

மேஜையை ஒட்டிய சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறது. அவருடைய ஒரே மகள் வீணா, தொண்ணூற்றாறில் தனக்குப் பிடித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனே போய்விட்டாள். “எம் மூஞ்சில முழிக்காதேன்னு சொல்ட்டேன் சார். பாழாப் போன வாயி.” வீட்டில் போன் கிடையாது. அவளுக்குத் தெரிந்தது இந்த அறையின் எண் மட்டும்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அது அடித்ததாம். இழை பாதி நுழைந்திருந்தது. மூச்சைப் பிடித்தபடியே எட்டி, ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அப்பா, நான் வீணாப்பா.”

இவர் வாய் திறக்கவில்லை.

“இன்னும் கோவமாப்பா?”

இழை இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

“பன்னெண்டு வருசப் பழக்கம் சார். உசுரைப் புடிச்சா வாயி தானா மூடிக்குது. நூலு நேரா எறங்குச்சு. நல்ல மூக்கு வேற.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் எப்போதோ போய்விட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? இவரிடம் அவள் எண் இல்லை, புனேயில் எந்தத் தெரு என்றும் தெரியாது. “எலி மண்டைக்குள்ள இன்னா பேசிக்குதுன்னு கேக்குறோம்...” என்று ஆரம்பித்தவர் அடுத்த இழையை எடுத்துக்கொண்டார்.

இன்று காலை இழை முக்கால்வாசி நுழைந்துவிட்டது. மதியம் எனக்குச் சோதனை. வேறு எலக்ட்ரோடு கையில் இல்லை. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது.

முனிகிருஷ்ணன் இடுக்கியை அப்படியே கீழே போட்டார். உஸ்ஸென்று விட்ட மூச்சில் இழை எங்கோ பறந்தது. ரிசீவர் காதுக்கு வருவதற்குள்ளேயே உரக்கச் சொல்லிவிட்டார்:

“அப்பாதாம்மா. கோவம் இல்லம்மா. ஹலோ... யாரு?”